பாட்டிலில் அடைத்த காய்ச்சல்

பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று எந்தத் தாயாவது துஆ கேட்பாளா? ருக்ஸார் கேட்டாள். ஒவ்வொரு தொழுகை முடிந்ததும், யார் காதிலும் விழாமல், கையேந்திக் கேட்டாள். கேட்ட கையாலேயே தன் வாயில் அடித்துக்கொள்வாள். அடுத்த வேளை வந்தால் மறுபடி அதே துஆ. கிறுக்குப் பிடித்தவள் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். அவள் பட்டதைக் கேட்டுவிட்டு அப்புறம் முடியுங்கள்.

அவளுடைய ஒரே மகள் ஜன்னாவுக்கு ஏழு வயது. ஆட்டிசம். பேச்சு கிடையாது, கூப்பிட்டால் திரும்புவது கிடையாது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு போய்ச் சுவரில் முட்டுவாள். அவள் அப்பா இத்ரீஸ் புதுப்பட்டினம் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தான். அங்கிருந்து வரும் அட்டைப்பெட்டி மூடிகளை நாளெல்லாம் வரிசையாக அடுக்குவாள், கலைப்பாள், மறுபடி அடுக்குவாள். பெற்றவள் முகத்தை அவள் நேராகப் பார்த்ததே இல்லை. ருக்ஸார் வேண்டுமென்றே குனிந்து முகத்தை முன்னால் நீட்டினால், அங்கே ஒன்றும் இல்லாததுபோல் பார்வை நழுவிப் போய்விடும். பத்து மாதம் சுமந்தவளுக்கு அது எப்படி வலிக்கும்! எத்தனை வருஷம்தான் ஒரு மனுஷி அதைத் தாங்குவாள்?

போன மழையில்தான் அது நடந்தது. கடலில் புயல்சின்னம், ஊரெல்லாம் தண்ணீர், ஜன்னாவுக்கு அனலாகக் காய்ச்சல். உடம்பு கொதிக்கக் கொதிக்கப் பிள்ளை அடங்கிக்கொண்டே வந்தாள். முட்டல் நின்றது, கையை உதறுவது நின்றது. ஈரத்துணியோடு குனிந்த ருக்ஸாரின் கன்னத்தைத் தொட்டாள். கண்ணுக்குள் பார்த்தாள். "அம்மா, தண்ணி" என்றாள்.

ருக்ஸார் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று இத்ரீஸ் பதறிக்கொண்டு ஓடிவந்தான். மறுநாளும் அந்த அதிசயம் நீடித்தது. "வலிக்குது" என்றாள் ஜன்னா. "லைட்டு" என்றாள். கூப்பிட்டால் திரும்பினாள். அந்த ஒன்றரை நாளைப்போல் ஒரு பெருநாளை ருக்ஸார் அதற்கு முன்னாலும் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜன்னாவின் கண் மேலே செருகிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயோரம் நுரை தள்ளியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிட்டது. ஆனால் பார்த்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. பார்த்தவர்கள் வீட்டிலிருந்த மூன்று பேர்: ருக்ஸார், இத்ரீஸ், அவனுடைய தங்கை ஃபக்ருன்னிசா.

"வெளியில மூச்சு வுடக் கூடாது" என்றான் இத்ரீஸ்.

அதற்குக் காரணம் இருந்தது. ஃபக்ருன்னிசாவுக்கு முதலில் கேளம்பாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஜன்னா சுவரில் முட்டுவதைப் பார்த்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினவர்கள்தான், அப்புறம் போனைக்கூட எடுக்கவில்லை. இரண்டாவதாக வந்தது உள்ளூரிலேயே. இத்ரீஸ் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஷபீர். படித்தவன், பதமானவன். அவனைப் பெற்ற அத்தா ஜெயினுலாபுதீன் பூ வைக்க வந்த அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"புள்ளைக்குப் பேச்சு வரலன்றது அல்லாவோட நாட்டம். அதப்பத்தி எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வலிப்பு கிலிப்பு எதுனா வம்சத்துல கீதா? அத்த மட்டும் சொல்லிடுங்க. எங்க அண்ணன் பொண்ணு அதுலதான் மவுத்தாச்சு. அந்தப் பாடு இன்னொரு வாட்டி எங்க வூட்டுக்கு வேணாம்."

"அல்லா மேல ஆணையா இல்ல பாய்" என்றான் இத்ரீஸ்.

சொன்ன அன்றைக்கு அது உண்மை. இரண்டு மாதம் கழித்து மழை வந்து அதைப் பொய்யாக்கியது. உடனே எதிர்ச்சாரிக்குப் போய், "பாய், இப்படி ஆயிடுச்சு" என்று சொல்லியிருக்கலாம். சாலையைத் தாண்டினால் கடை, அவ்வளவுதான் தூரம். ஆனால் ஆணையிட்ட வாயோடு யார் போவது? காய்ச்சலில் எந்தப் பிள்ளைக்கும் வருவதுதானே என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். டாக்டரிடம் காட்டினால் மாத்திரை எழுதுவார். புதுப்பட்டினத்தில் யார் வீட்டில் எந்த மாத்திரை தின்கிறார்கள் என்பது மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாமல் போகுமா? வெளியூரில் வாங்கி ஒளித்து வைத்தாலும், அவனே நாளைக்கு வீட்டு மாப்பிள்ளை. நோன்பு முடிந்து நிக்காஹ் நடக்கட்டும், அப்புறம் டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்கள். ஒரு பெண்ணைக் கரையேற்ற இன்னொரு பெண்ணைக் கிடப்பில் போட்டார்கள். அப்படித்தான் சொல்லவேண்டும், வேறு எப்படிச் சொல்வது?

காய்ச்சல் இறங்கியது. பேச்சும் அதோடு போயிற்று. பெட்டி மூடிகள் திரும்ப வந்தன. அன்றைக்குத் தொடங்கியதுதான் ருக்ஸாரின் துஆ.

வாரத்துக்கு ஒருநாள் ஜன்னாவைச் செங்கல்பட்டுக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போவாள். ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு மாடியில் இருந்தது அந்த நிலையம். பிள்ளைகள் உள்ளே இருக்க, தாய்மார்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். அணுபுரம் குடியிருப்பிலிருந்து வரும் வசுமதி ஒருநாள் திடீரென்று கேட்டாள்.

"ருக்ஸார், ஜன்னாவுக்குக் காய்ச்சல் வந்தா எப்படி இருப்பா?"

ருக்ஸாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் கேட்கும் துஆ இவளுக்கு எப்படித் தெரிந்தது? "ஏங்க கேக்கறீங்க?"

"எங்க அபிஷேக் காய்ச்சல்ல அவ்ளோ தெளிவா இருப்பான். சில பசங்க அப்படித்தானாம். உடம்பு சூடானா உள்ள என்னமோ உஷாராயிடுதாம். ப்ரோக்கோலி இருக்கில்ல, அதோட முளையில ஒரு சத்து இருக்காம். அது காய்ச்சல் பண்ற வேலையைக் காய்ச்சல் இல்லாமலே பண்ணும்னு சொல்றாங்க. நான் ரெண்டு மாசமா குடுக்கறேன். நேத்து அவனே வந்து 'பசிக்குது'ன்னான்."

ருக்ஸார் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. பேச்சுப் பயிற்சி தரும் பிரிசில்லா மேடம் வெளியே வந்ததும் போய் நின்றுகொண்டாள். பிரிசில்லா ஒளிவுமறைவு இல்லாத பெண்.

"வசுமதி சொன்னாங்களா? சல்ஃபோராஃபேன்னு பேரு, வாயில நுழையாது. ஆராய்ச்சி நடந்திருக்கு, இல்லேங்கல. ஒண்ணுல நல்லா இருக்குன்னு வந்துது. இன்னொண்ணுல பெருசா ஒண்ணும் இல்லேன்னு வந்துது. குடுத்தே தீரணும்னா முதல்ல டாக்டரைக் கேளுங்க. வெறும் காய்கறிப் பொடிய வாங்கி ஏமாறாதீங்க. விதையில எடுத்ததா, முளையில எடுத்ததா, சத்து எவ்ளோன்னு அதுல போட்டிருக்கணும். வெளி லேப்ல சோதிச்சதா இருக்கணும். இன்னொண்ணு, ஃபிட்ஸ் வந்த பிள்ளையா இருந்தா டாக்டர் இல்லாம தொடவே கூடாது. அப்படிப்பட்டவங்கள்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு அந்த ஆராய்ச்சியிலேயே திரும்ப வந்திருக்கு. ஜன்னாவுக்கு..."

உள்ளே ஏதோ ஒரு பிள்ளை வீறிட்டது. பிரிசில்லா ஓடிவிட்டாள். கேள்வி பாதியில் நின்றதற்கு ருக்ஸார் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றியை நினைத்து அவள் பிற்பாடு எத்தனை தரம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள் என்பதைச் சொல்லி மாளாது.

முதலில் காயையே கொடுத்துப் பார்த்தாள். அணுபுரம் கடையில் பச்சைக் காலிஃப்ளவர் என்று கேட்டு வாங்கிவந்து வேகவைத்தாள். அந்த நாற்றத்துக்கு ஜன்னா சமையலறைப் பக்கமே வரவில்லை. அரைத்துத் தோசை மாவில் கலந்து ஊற்றினாள். ஜன்னாவின் மூக்கை ஏமாற்ற முடியுமா? தட்டு பறந்து போய்ச் சுவரில் அடித்தது.

"இன்னா அண்ணி, வூடு பூரா வவுறு கெட்டவன் வந்து போன மாரி நாறுது" என்று ஃபக்ருன்னிசா மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ருக்ஸாரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரைத் துடைத்தாள். வேகவைத்தால் அந்தச் சத்தில் பாதிக்குமேல் போய்விடும் என்று வசுமதி அப்புறம்தான் சொன்னாள்.

ஆக, பாட்டில்தான் வழி. பாட்டிலுக்குப் போகவேண்டிய இடம் எதிர்ச்சாரி.

ஷபீர் இந்த வேலையை ஏனோதானோ என்று செய்யவில்லை. வருங்கால மனைவியின் அண்ணன் பிள்ளை அல்லவா! விசாரித்து, மூன்று வகையைத் தருவித்து, கண்ணாடிப் பலகைமேல் வரிசையாக வைத்தான்.

"அக்கா, மொதல்ல இத்தப் பாருங்க. டப்பா மேல கொழந்த சிரிக்குது, பச்சைப் பசேல்னு பொடி. உள்ள வெறும் காய்ஞ்ச காய். இதுக்கு நீங்க பொரியலே பண்ணிடலாம். இது ரெண்டாவது. மாத்திரை. எவ்ளோ சத்துன்னு எங்கியுமே போடல, தேடித் தேடி என் கண்ணே பூத்துடுச்சி. மூணாவது, வெளிநாட்டுச் சரக்கு. வெதையில எடுத்தது. அந்தச் சத்த வவுத்துல பிரிச்சுக் குடுக்கறதுக்கும் இன்னொண்ணு சேத்துகீறாங்க. வெளி லேப்ல சோதிச்சதுன்னு போட்டுகீது. குடுக்கறதா இருந்தா இத்தத்தான் குடுக்கணும்."

ருக்ஸார் மூன்றாவது பாட்டிலைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் தன்னாலே அதன் மூடியைத் தடவியது.

"ஒண்ணு கேக்கணும்க்கா" என்றான் ஷபீர். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நெட்டுல படிச்சேன். வலிப்பு வந்த பசங்களுக்கு இது ஆவாதுன்றான். பாப்பாவுக்கு எப்பனா ஃபிட்ஸ் வந்துகீதா?"

கேட்டவன் வெறும் மருந்துக்கடைக்காரனாக இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள். செங்கல்பட்டில், சென்னையில், முகம் தெரியாத எவனோ ஒருவன் கேட்டிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பாள். கேட்டவன் ஷபீர். அவன் பின்னால், கல்லாவில், ஜெயினுலாபுதீன் தொப்பியும் தாடியுமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இல்ல தம்பி. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டாச்சி."

ஷபீருக்கு அதற்குமேல் துருவ மனம் வரவில்லை. சொந்தமாகப் போகிறவர்களை எப்படிச் சந்தேகப்படுவது? சீட்டு ஒன்று கொண்டுவாருங்கள் என்று வேறு யாரிடமாவது கேட்டிருப்பான். அவளிடம் கேட்கவில்லை. சிறு பிள்ளைக்குப் பாதி போதும் என்று மட்டும் சொல்லி, காகிதப் பையில் போட்டுக் கொடுத்தான்.

கொடுக்க ஆரம்பித்த முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம் ஜன்னா மூடி அடுக்குவதை நிறுத்திவிட்டு ருக்ஸாரின் மடியில் வந்து தலைவைத்தாள். தானாக வந்தாள்! மிக்ஸி ஓடியபோது முட்டப் போகவில்லை, காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். இன்னொரு நாள் குளிப்பாட்டும்போது ஒரு கணம் நேராகப் பார்த்தாள். பாட்டில் செய்ததா, பயிற்சி செய்ததா, இவள் ஆசைதான் கண்ணைக் கட்டியதா, யாருக்குத் தெரியும்? ருக்ஸாருக்குத் தெரிந்தது. அவள் சந்தேகமே படவில்லை.

"வருதுங்க, உள்ளேர்ந்து வந்துகினே கீது" என்று இத்ரீஸிடம் சொன்னாள். "கதவுக்கு அந்தாண்டதான் நிக்குது எம் புள்ள."

"அல்லா பெரியவன்" என்றான் இத்ரீஸ். மழைநாள் இருவருக்கும் நினைவிருந்தது. இருவரும் வாயைத் திறக்கவில்லை.

கதவுக்கு அந்தாண்டை பிள்ளை நிற்கிறாள் என்றால் தாய் என்ன செய்வாள்? இடிப்பாள். பாதியை முழுசாக்கினாள். முழுசை இரண்டாக்கினாள். ஷபீரிடம் கேட்கவில்லை. பாட்டில் சீக்கிரம் தீர்ந்தபோது, கீழே கொட்டிவிட்டது என்று சொல்லி இன்னொன்று வாங்கினாள். பொய் சொல்வது இப்போது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. இத்ரீஸ் சரக்கு எடுக்கச் சென்னை மண்ணடிக்குப் போயிருந்தான். ஜும்மா முடிந்து தெருவில் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஃபக்ருன்னிசா நிக்காஹ் துணிகளைக் கட்டிலில் விரித்துவைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னா கூடத்தில் நின்றிருந்தாள். நின்ற வாக்கிலேயே மடேரென்று விழுந்தாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

ருக்ஸார் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நிற்கும், நிற்கும் என்று காத்திருந்தாள். போன தடவை நின்றதே! உதடு நீலமாயிற்று. இழுப்பு நிற்கவில்லை. "அண்ணி, நிக்கலியே, நிக்கலியே அண்ணி!" என்று அலறிய ஃபக்ருன்னிசா யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை. ஷபீருக்குப் போன் போட்டாள்.

அவன் கடையை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்து வந்தான். பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் தொழுகைக்குப் போனவர் திரும்பவில்லை. நர்ஸம்மா பார்த்துவிட்டு, "இங்க வெச்சுக்கினு நிக்காதீங்க, செங்கல்பட்டுக்கு ஓடுங்க" என்றாள். ஓடினார்கள். திருக்கழுக்குன்றத்தில் கல்யாண ஊர்வலம் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. ஷபீர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பின்சீட்டில் ருக்ஸாரின் மடியில் பிள்ளை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இதான் மொத தபாவா?" என்று கண்ணாடி வழியாகக் கேட்டான் ஷபீர்.

ஃபக்ருன்னிசாவின் கை ருக்ஸாரின் முழங்கையைப் பிடித்து அழுத்தியது. நகம் பதிய அழுத்தியது.

"ஆமா தம்பி."

செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவருகே ஷபீர் ருக்ஸாரைத் தடுத்து நிறுத்தினான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"அக்கா, உங்க கால்ல வுழறேன். அந்த பாட்டில் மேட்டர டாக்டர்கிட்ட சொல்லாதீங்க. சீட்டு இல்லாம கொழந்தைக்குக் குடுத்தேன்னு ஆயிடும். கடைக்கு சீல் வெச்சுடுவாங்க. அத்தா தாங்க மாட்டாரு."

அவள் அவனையே பார்த்தாள். இவனுக்கு மறைக்க ஒன்று, அவர்களுக்கு மறைக்க ஒன்று. நடுவில் ஒரு பிள்ளை மூச்சுக்குத் திண்டாடுகிறாள். யா அல்லாஹ், என்ன மனுஷர்கள் நாம்!

டாக்டர் வெளியே வந்தார். இளவயதுக்காரர். "இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"இல்ல சார்."

"ஏதாவது மருந்து, மாத்திரை குடுத்தீங்களா?"

ஷபீர் தரையைப் பார்த்தான். "இல்ல சார்" என்றாள் ருக்ஸார்.

கதவு மூடியது. மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு மூவரும் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நேரத்தில் டாக்டர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வேகமாக வந்தார்.

"ரெண்டு ஊசி போட்டும் அடங்கல. காய்ச்சல் இல்ல, இதுக்கு முன்னாடி வந்ததில்ல, மருந்து எதுவும் இல்லேங்கறீங்க. அப்ப மூளையில வேற என்னமோன்னுதான் நாங்க பாக்கணும். தலையை ஸ்கேன் பண்ணணும். முதுகெலும்புல ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டி வரலாம். உங்க சம்மதம் வேணும்."

முதுகெலும்பில் ஊசி. அந்தக் குச்சி உடம்பில், தொட்டாலே துள்ளுகிற அந்த முதுகில்! ருக்ஸார் சொல்லிக்கொண்டிருந்த பொய்யெல்லாம் சேர்ந்து அவள் பிள்ளையின் முதுகைத் துளைக்கப் போகிறது.

"வந்துது சார்!" என்று கத்தினாள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். "போன மழையில வந்துது. காய்ச்சல்ல வந்துது. நாங்கதான் மறைச்சிட்டோம். ப்ரோக்கோலி மாத்திரை குடுத்துகினு இருந்தேன். பாதின்னு சொன்னாங்க, நான் ரெண்டு குடுத்தேன். நான்தான் சார் குடுத்தேன். எம் புள்ள பேசும்னு குடுத்தேன்."

கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, எப்போதும் அதிலேயே வைத்திருந்த பாட்டிலை எடுத்து அவர் கையில் திணித்தாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். போன தடவை எவ்வளவு நேரம் இழுத்தது, எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, கடைசி மாத்திரை எப்போது என்று மடமடவென்று கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஃபக்ருன்னிசா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டாள். ஷபீர் சுவரில் சாய்ந்தான். அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது. ஒருவேளை வலிப்பில் போன அவன் பெரியப்பா மகளின் பெயராக இருக்கலாம்.

டாக்டர் திரும்ப வந்தபோது வெயில் வராந்தாவை விட்டுப் போயிருந்தது.

"நின்னுடுச்சு" என்றார். "முதுகுல ஊசி போடல. நீங்க சொன்னதை வெச்சு மருந்தை மாத்தினோம். ஆனா ரொம்ப நேரம் இழுத்துடுச்சும்மா. மூச்சுக்குக் குழாய் போட்டிருக்கோம். கண்ணைத் தொறந்தாதான் எவ்ளோ மிஞ்சியிருக்குன்னு சொல்ல முடியும். கையோ காலோ பழைய மாதிரி இல்லாமப் போகலாம். முன்ன இருந்த அளவுக்குக்கூடப் புரியாமப் போகலாம். இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

"அந்த மாத்திரையாலதானா சார்?"

"ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. ஒருதடவை வந்த பிள்ளைக்கு எதுவும் குடுக்காமலே திரும்பவும் வந்திருக்கலாம்." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஆனா இவ்ளோ நேரம் இழுத்திருக்கவேண்டியதில்ல. போன மழையிலேயே காட்டியிருந்தீங்கன்னா, வீட்டுல வெச்சுக்கச் சொல்லி மூக்குல அடிக்கிற ஸ்பிரே ஒண்ணு எழுதியிருப்போம். விழுந்த உடனே அடிச்சா அநேகமா அங்கேயே அடங்கியிருக்கும். இவ்ளோ தூரம் இழுத்துகிட்டே வந்திருக்கா பாருங்க, அதுலதான் கெட்டுப் போச்சு."

அவர் போனபிறகு ஷபீர் சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தான்.

"அது நம்ம கடையில கீதுக்கா" என்றான். "பெரியப்பா பொண்ணு போனதுலேர்ந்து அத்தா அந்த மருந்து மட்டும் தீராம பாத்துக்குவாரு. எப்பவும் ரெண்டு மூணு இருக்கும். மொத அலமாரியிலேயே. கடைக்கு வர்ற யாரு கண்ணுக்கும் தெரியும். கார் சாவிய எடுத்த அவசரத்துல எனக்கே அத்த எடுக்கத் தோணலியே." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் கேட்டேனேக்கா. அன்னிக்கு நான் கேட்டேனே."

ருக்ஸாருக்கு அழுகை வரவில்லை. சாலையைத் தாண்டினால் கடை. முதல் அலமாரி. அவள் அந்தக் கண்ணாடிப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று பாட்டில் மூடியைத் தடவிக்கொண்டிருந்தபோது, அது அவள் தலைக்கு நேராக இருந்திருக்கிறது.

அவளுடைய போன் அடித்தது. இத்ரீஸ். ஃபக்ருன்னிசா காரிலிருந்தே அவனுக்குச் சொல்லியிருந்தாள். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவன் மூச்சு வாங்கப் பேசினான்.

"பாப்பா எப்பிடி கீது? நான் தாம்பரம் தாண்டிட்டேன், வந்துகினே கீறேன். டாக்டர் இன்னா சொன்னாரு?" பதிலுக்குக் காத்திருக்காமல் குரலை இறக்கினான். "மாப்ள பக்கத்துல கீறாரா? ருக்ஸா, பதட்டத்துல அந்தப் பழைய மேட்டர் எதுனா வாய வுட்டுடப் போற. மொத தபான்னே சொல்லு. இன்னா, கேக்குதா?"

ருக்ஸார் காதிலிருந்து போனை எடுத்தாள். தரையில் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினாள்.

"உங்க மச்சான் பேசறாரு தம்பி" என்றாள். "அந்த மருந்து உங்க கடையில எந்த அலமாரியில கீதுன்னு அவருக்குச் சொல்லுங்க."